வாசலுக்கு வெளியே நின்ற சேதி

பதுருன்னிசாவுக்குக் கால் வலி என்று சொன்னால் கல்மண்டபத்துப் பக்கம் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்தக் கால்களை நம்பித்தான் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பாதிக் கல்யாணம் நடந்திருக்கிறது. நிக்காஹ் என்றாலும், பிள்ளைக்குச் சுன்னத்து என்றாலும், யாராவது மவுத்தானாலும், வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவள் வேலை. ஆண்களுக்குப் பள்ளிவாசலில் சொல்லிவிடலாம். வெளி ஆண் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கிற பெண்களுக்கு யார் சொல்வது? வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இவள்தான் போகவேண்டும். வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. படுத்தால் முழங்காலுக்குக் கீழே யாருடையதோ மாதிரி கிடக்கிறது. இருந்தாலும் விடிந்தால் யாராவது வந்து கூப்பிட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வேறு வேலை ஏது, ஒன்று கல்யாணம் பண்ணிக்கொள்ளும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. நல்ல சேதி என்றால் படியைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசுவாள். மவுத்து, அதாவது சாவுச் சேதி என்றால் படி ஏறமாட்டாள். வெளியிலேயே நின்று, கதவுநிலையில் கையை வைத்து, யார் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் அந்தத் தெருப் பெண்கள் அவள் வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். கால் உள்ளே வந்துவிட்டால் அப்பாடா என்று பாயை விரிப்பார்கள்.

இந்த முறை அவளைக் கூப்பிட்டது கல்யாண வீடும் இல்லை, சாவு வீடும் இல்லை. எட்வர்டு கொட்டகை. லண்டனில் ராஜாவுக்குப் பட்டம் கட்டினபோது இங்கே இதைக் கட்டினார்களாம். ஒரு காலத்தில் நாடகமும் பாட்டுமாக விடிய விடிய நடந்த இடம். சண்டைக் காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது கொட்டகையை மூடி நெல் அடுக்கினார்கள். சண்டை முடிந்து கதவைத் திறந்தால் உள்ளே சினிமாத் திரை தொங்கியது. அதற்கப்புறம் இப்போதுதான் மேடையில் மறுபடியும் ஆள் உட்கார்ந்து பாடப்போகிறார்கள். வியாழக்கிழமை பாட்டுக் கச்சேரி, வெள்ளிக்கிழமை கவ்வாலி, மறுநாள் ஆர்மோனியத்தோடு பழைய நாடகப் பாட்டுகள்.

மேனேஜர் ஹென்றி பாவம் சும்மா இருக்கவில்லை. குதிரை வண்டியில் பாண்டு வாத்தியம் வைத்துத் தெருத்தெருவாக நோட்டீசு வீசினார். 'கோஷா ஸ்திரீகளுக்குத் தனி இடம், தனி வாசல்' என்று கொட்டை எழுத்தில் போட்டும் இருந்தார். ஆண்கள் பொறுக்கிப் படித்தார்கள், படித்துவிட்டு அதிலேயே பட்டாணி மடித்துத் தின்றார்கள். வீட்டுக்குள்ளே சேதி போகவே இல்லை. பெண்கள் பக்கத்து டிக்கெட்டை ஒரு ஈ காக்கைகூட வந்து கேட்கவில்லை. அப்புறம் யாரோ அவர் காதில் போட்டார்கள், பதுருன்னிசா போய்ச் சொன்னால் உலை கொதிக்கிற அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வருவார்கள் என்று.

சும்மா சொல்லக்கூடாது, வந்தார்கள். அதாவது வருகிறோம் என்றார்கள். ஆனால் அதற்குள் அவள் பட்ட பேஜாரு இருக்கிறதே! பதுருன்னிசா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாலே எந்த வீட்டுக் கல்யாணம் என்றுதான் கேட்பார்கள். கல்யாணம் இல்லை, கச்சேரி என்றால், சரி, சோறு எந்த நேரத்துக்கு என்றார்கள். வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிற வீட்டுச் செல்லக்கனி, கச்சேரிக்கு என்ன செய்முறை செய்வது, பாத்திரமா, துணியா என்று கேட்டாள். இன்னொருத்தி நெய்ச்சோறா பிரியாணியா என்று கேட்டு முடிப்பதற்குள் பதுருன்னிசாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. சோறு கிடையாதும்மா, பாட்டு மட்டும்தான், அதுக்கும் டிக்கெட்டு வாங்கணும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. வாயும் ஓய்ந்தது, காலும் ஓய்ந்தது.

கடைசியில் ஒரு தெரு மிச்சம் இருந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தண்டை இருக்கிற லைன் வீடுகள். அங்கே எப்போதும் அஜீசாவை அனுப்பிவிடுவாள். இவளுக்குத் தங்கை மாதிரி, இதே வேலை செய்கிறவள். அந்த அஜீசா இப்போது தன் மகள் பிரசவத்துக்கென்று மீஞ்சூருக்குப் போய்விட்டாள். ஹென்றியோ அந்தத் தெருவை விடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டார்.

அந்தத் தெருவில்தான் சாபிரா இருந்தாள். பதுருன்னிசாவின் ஒரே மகள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கட்டினால் பஷீரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். பஷீர் தபலா வாசிக்கிறவன். பதுருன்னிசாவின் புருஷன் மஜீது துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி, நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசியை வாங்கிக்கொண்டு வீட்டோடு கிடக்கிற மனுஷன். தோலைத் தட்டிப் பிழைக்கிறவனுக்கு என் பொண்ணா என்று குதித்தார். இத்தனைக்கும் வாலிபத்தில் சம்பளம் வாங்கின கையோடு எட்வர்டு கொட்டகைக்கு ஓடி, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டினால் இன்னும் குதிப்பார். கடைசியில் மஜீதின் தம்பி முன்னே நின்று நிக்காஹை முடித்துவைத்தார். இவர்கள் போகவில்லை. அன்றைக்கு மஜீது பெண்டாட்டியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நீ அந்த வூட்டுப் படி ஏறினேன்னா, அப்பால இந்த வூட்டுப் படி ஏறாதே."

அவள் ஏறவில்லை. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாசல் வாசலாக ஏறினவள், பெற்ற மகள் கல்யாணத்துக்கு ஒரு வாசலுக்கும் போகவில்லை. அன்றைக்கு அவளைத் தேடி யாரும் வரவும் இல்லை, வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. மகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். பார்த்தால் என்ன பேசுவது என்று தோன்றும். அதற்குள் யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

வழி நெடுக யோசித்துக்கொண்டே நடந்தாள். உச்சி வெயில். ரயில்வே யார்டிலிருந்து கரித்தூள் பறந்து வந்து வெள்ளைத் துப்பட்டியைக் கலீஜாக்கியிருந்தது. படி ஏறினால்தானே தப்பு? வெளியிலேயே நின்று கச்சேரியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டால் புருஷன் சொல்லும் கெடாது, மகளைப் பார்த்த மாதிரியும் ஆகும். இப்படி ஒரு வழி தோன்றியதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. பஷீரும் வீட்டில் இருக்கமாட்டான், வெள்ளிக்கிழமைக் கவ்வாலிக்கு அவன்தான் தபலா, கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

சாபிரா வீட்டுக் கதவு திறந்திருந்தது. முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் இவள் பார்க்காத கல்யாணக் கருகமணி. பதுருன்னிசா படிக்கு வெளியே நின்றாள். காலையிலிருந்து நடந்த நடை, விழுந்துவிடக்கூடாதே என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கச்சேரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

சாபிரா நிமிர்ந்தாள். அம்மா முகத்தை அவள் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். கதவுநிலையில் இருந்த கையைப் பார்த்தாள். முறம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"அத்தா!" என்று அப்பனைக் கூப்பிட்டு ஒரே அலறல். "நாளைக்கு வரலாம், நாளைக்கு வரலாம்னு இருந்தேனே அத்தா. இருக்கமாட்டீங்கன்னு தெரியாம போச்சே."

அவ்வளவுதான், லைன் வீடு மொத்தமும் கூடிவிட்டது. பதுருன்னிசா வெளியே நிற்கிறாள், அது போதாதா, யாரும் எதையும் விசாரிக்கவில்லை. நல்ல மனுஷன், இருமிக்கினே இருந்தாரே என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அடுத்த வீட்டு மலர்க்கொடி, பஷீரைக் கூட்டிவருகிறேன் என்று கொட்டகைப் பக்கம் ஓடியே போய்விட்டாள். சாபிரா தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து ஒரு நிமிஷம் பதுருன்னிசாவே நம்பிவிட்டாள், காலையில் கஞ்சிக்கு உப்பு போதவில்லை என்று சண்டை போட்ட மனுஷன் நிஜமாகவே போய்விட்டாரோ என்று. அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம், எப்படி நிற்கிறோம் என்பது உறைத்தது. அட பாவி மனுஷி! முப்பது வருஷமாக இதே வேலை, ஊருக்கே கால் வைக்கிற முறை சொல்லிக்கொடுத்தவள், தன் மகள் வாசலில் வந்து மறந்துபோனாள்.

"உங்கத்தா நல்லா கீறாரு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "நல்லா கீறாரு. நான் கச்சேரி சொல்ல வந்தேன்."

அழுகை நின்றது. கூடியிருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியா வந்து வாசலில் நிற்கிறது, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டாயே என்று ஒருத்தி நேராகவே திட்டிவிட்டுப் போனாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே கலைந்தார்கள். கச்சேரி என்றைக்கு என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

சாபிரா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். தரையில் கிடந்த அரிசியை ஒரு கை அள்ளி முறத்தில் போட்டாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"ஊரு கச்சேரிக்கெல்லாம் வந்து சொல்றியே. என் நிக்காவுக்கு ஒரு வூட்லயாவது போய் சொன்னியாம்மா?"

பதுருன்னிசா படி ஏறி அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஏறியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கிறவர் நினைப்பு வந்து காலைப் பிடித்துக்கொண்டது. மகள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். அம்மா உள்ளே வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்து வந்து கதவில் கை வைத்தாள்.

"நான் அழுதேன்னு அவருகிட்ட சொல்லாதே," என்று கதவைச் சாத்தினாள்.

திரும்பும்போது ரயில்வே கேட்டு சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்த் தீரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் பஷீர் நின்றுகொண்டிருந்தான். வண்டி போனதும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தான். காலில் செருப்பு இல்லை, கையெல்லாம் தபலாவுக்குப் போடுகிற மாவு, முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. ஒன்றும் இல்லை தம்பி, அவர் நன்றாக இருக்கிறார், நான்தான் தப்பாக நின்றுவிட்டேன் என்று இவள் சொன்னதும் அப்படியே ரோட்டோரம் குந்திவிட்டான். அல்ஹம்துலில்லாஹ் என்றான்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மஜீது கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் துப்பட்டியை உதறி மடித்தாள், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். சொல்லக்கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

கேட்டுக்கு அந்தண்டை போனாயா என்று அவரே கேட்டார். போனேன் என்றாள். படி ஏறலை என்றாள். அவர் உம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஒற்றை உம்மைக் கேட்டதும் அவளுக்கு அன்றைக்கு நடந்த நடையெல்லாம் சேர்ந்து ஆத்திரமாக வந்தது.

"வெளியவே நின்னேன். நீங்க மவுத்தாயிட்டீங்கன்னு நெனச்சுட்டா," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முறம் கவிழ்ந்ததை, தலையில் அடித்துக்கொண்டதை, நாளைக்கு வரலாம் என்று இருந்தேனே என்று கதறியதை, சொல்லாதே என்று மகள் சொன்னதையும்கூட. மஜீது சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நடுவில் இருமல் வந்தது, அடங்குகிறவரை அவள் நிறுத்திக் காத்திருந்தாள்.

"ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார்.

"தெருவே கூடிடிச்சு."

"அந்தப் பையன்?"

"செருப்புகூட இல்லாம ஓடியாந்தான்."

அவள் அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, தட்டில் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஆறிப்போகுது என்றாள். தட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளைக்கு அங்க போ."

"மறுபடியுமா? கால் ஒடிஞ்சு கீது."

"போ. இந்தத் தபா உள்ள போயி பாயில குந்து. சர்க்கரை குடுத்தா வாங்கித் தின்னு. அப்பால சொல்லு."

"இன்னா சொல்றது?"

"வெள்ளிக்கெழம பாட்டுக் கேக்க அத்தா வராருன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். உப்பு போதவில்லை என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

பதுருன்னிசா மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். நாளைக்கும் கேட்டு வரைக்கும் நடக்கவேண்டும், அதே வெயிலில். இத்தனை வருஷத்தில் தன் வீட்டுச் சேதி என்று ஒன்றை அவள் கொண்டுபோவது இதுதான் முதல் தடவை. கிண்ணத்தில் எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. இருந்ததை வழித்து இரண்டு காலுக்கும் தடவிக்கொண்டாள்.