முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்

அந்த விடுதிப் பள்ளியில் புதிதாகச் சேரும் பெண்ணின் பின்னலை, முதல் ஞாயிற்றுக்கிழமை, மூத்த மாணவிகள் குளியலறையில் வைத்து வெட்டுவார்கள். பள்ளி தொடங்கிய காலத்து வழக்கமாம். அதில் எல்லோருக்கும் பெருமை வேறு. இரண்டு சகோதரிகளில் மூத்தவளான அக்கா சேர்ந்த வருஷம் அவளுக்கும் வெட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இந்த வருஷம் தங்கையும் வந்து சேர்ந்தாள்.

"உன் தங்கச்சிதானே, நீயே பிடிச்சுக்க," என்றாள் மாணவர் தலைவி.

அக்கா தங்கையின் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்தாள். தங்கை திமிறினாள். தலைவி அவளை ஓங்கி அறைந்துவிட்டுக் கத்திரியை வைத்தாள். பின்னலோடு காது மடலும் அறுந்தது. அக்காவின் கையில் ரத்தம் சூடாக வழிந்தது. சுற்றி நின்றவர்கள் அப்போதும் கைதட்டினார்கள்.

அக்காவுக்குக் கண்மண் தெரியவில்லை. இரும்பு வாளியைத் தூக்கித் தலைவியின் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. விழுந்தவளை மறுபடியும் அடித்தாள். வார்டன் வந்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

பள்ளியின் மரபைக் கெடுத்தாள் என்று தலைமையாசிரியை அவளை நீக்கினார். அப்பா வந்து இருவரையும் காரில் அழைத்துப்போனார்.

"அவளை விடலடி, நல்லா குடுத்தேன்," என்றாள் அக்கா மெதுவாக.

காதில் கட்டோடு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த தங்கை, "அதுக்கு முன்னாடி என்னைப் பிடிச்சது யாரு?" என்றாள்.