கவினேஷ் ஆடுவான்தானே

ஒரு விளம்பர வீடியோவுக்குச் சம்மதம் வாங்கத்தான் நிஷானி முதன்முதலாகத் தனேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். பிளாக்டவுனில், ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு அது. கதவைத் திறந்ததும் தனேஸ்வரி, "வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இலங்கையில் மன்னாரில் பிறந்து சின்ன வயதிலேயே சிட்னிக்கு வந்துவிட்ட நிஷானிக்கு அந்த மலேசியத் தமிழ் புதிது. காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

"ஓம் அன்ரி, சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்," என்றாள்.

அவள் ஹாரியர்ஸ் என்ற ரக்பி லீக் கழகத்தில் சமூகத் தொடர்பு வேலை பார்த்தாள். தனேஸ்வரியின் மகன் கவினேஷ் அதே கழகத்தின் ஆட்டக்காரன். மைதானத்தின் ஓரத்தில் காத்து நின்று, பந்து கைக்கு வந்ததும் பறக்கிற விங்கர். மலேசியாவின் கிளாங்கில் பிறந்து, சிட்னியில் வளர்ந்தவன். போன பருவத்தில் முதல் அணிக்கு ஓரிரு ஆட்டங்கள்தான் ஆடியிருந்தான். மற்றபடி இரண்டாம் அணிதான் அவனுக்கு.

விளையாட்டை வெளிநாடுகளில் வளர்க்க வேண்டும் என்று ஹாரியர்ஸின் ஓர் ஆட்டத்தைக் கோலாலம்பூரில் வைக்க முடிவாகியிருந்தது. அங்குள்ளவர்கள் கால்பந்தைப் பார்ப்பார்கள், பாட்மிண்டன் பார்ப்பார்கள். ரக்பி லீக்கை யார் பார்ப்பார்கள்? இருக்கைகள் காலியாகக் கிடந்தால் தொலைக்காட்சியில் அசிங்கமாகத் தெரியும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் கவலை. அப்போது கவினேஷின் பெயரைச் சொன்னவள் நிஷானிதான். கூட்டத்தில் மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய மேலாளர் ஸ்டூவர்ட் எழுந்து வந்து கை கொடுத்தார். அன்று அலுவலகம் இருந்த பரமட்டாவிலிருந்து ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

வீடியோவைத் தனேஸ்வரியின் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தார்கள். கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளில் கை போட்டபடி, "நான் வீட்டுக்கு வர்றேன். நீங்களும் வாங்க," என்று கவினேஷ் தமிழில் சொன்னான். அவனுடைய தமிழ் கொஞ்சம் தடுமாறியது. தடுமாறியதாலேயே எல்லோருக்கும் பிடித்துப்போனது. மலேசியாவில் அது கைக்குக் கை மாறிப் பரவியது. கிளாங்கில் இருந்த தனேஸ்வரியின் அக்கா யோகா ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்துக் கால்பந்துக் குழுப் பையன்கள் என்று ஆள் சேர்த்துப் பஸ் பிடித்துவிட்டார். அந்த அக்காவின் குரல் நிஷானியின் போனில் அடிக்கடி ஒலித்தது. எந்த வாசல், எங்கே பஸ்ஸை நிறுத்துவது, கொடி கொண்டுவரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

ஆட்டம் நடக்கிற வாரத்தில் செவ்வாய்க்கிழமை அணியை அறிவித்தார்கள். கவினேஷின் பெயர் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் கடைசியாக இருந்தது. நிஷானி மாடிப்படியில் எதிரே வந்த துணைப் பயிற்சியாளரை நிறுத்திக் கேட்டாள். அவர் தயங்காமல் சொன்னார். சட்டை போடுவான், உடம்பைச் சூடேற்றக் கோட்டுக்கு வெளியே ஓடுவான், அவ்வளவுதான். விங்கர்கள் இரண்டு பேருமே காயப்பட்டு வெளியே வந்தாலொழிய அவனை இறக்குவதாக இல்லை. புள்ளிகள் முக்கியம், விளம்பரத்துக்காக ஆள் இறக்க முடியாது என்று பயிற்சியாளர் முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

அவள் நேரே ஸ்டூவர்ட்டின் அறைக்குப் போனாள்.

"அவன் ஆடுவான் என்று நாம் எங்கேயாவது சொன்னோமா?" என்று அவர் கேட்டார். "வீட்டுக்கு வருகிறேன் என்றான். வருகிறான். வீடியோ அப்படியே இருக்கட்டும், நிஷானி. சனிக்கிழமை தாண்டட்டும்."

அவள் வெளியே வந்தாள். இருக்கையில் உட்காரவும் போன் அடித்தது. யோகா.

"நிஷானி, நெட்ல பேரு வந்துருச்சுலா! இங்க எல்லாம் ஒரே கூத்து. இன்னொரு பஸ்ஸும் கேக்குறாங்க. தூரத்துல இருந்தெல்லாம் வர்றாங்க, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. கவினேஷ் ஆடுவான்தானே?"

சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூவர்ட் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நிஷானி அவரைப் பார்த்தபடியே, "பேர் இருக்குத்தானே அன்ரி. வாங்கோ," என்றாள்.

பொய் இல்லை என்று அன்று முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல முகம் சுட்டது.

சனிக்கிழமை ஆட்டம். சிட்னியில் அப்போது சாயங்காலம். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை செய்த தனேஸ்வரிக்கு அந்த வாரம் விடுப்புக் கிடைக்கவில்லை. போக முடியாதவர்களுக்காக நிஷானியே பிளாக்டவுனில் ஒரு மண்டபம் பிடித்துப் பெரிய திரை கட்டியிருந்தாள். தனேஸ்வரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டி நிஷானியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

கோலாலம்பூரில் வெயில் கொளுத்தியது. கேமரா கூட்டத்தைக் காட்டியபோது மண்டபமே கைதட்டியது. யோகாவும் அவருடைய பஸ்களில் வந்தவர்களும் ஒரு பகுதியையே நிறைத்திருந்தார்கள். கவினேஷின் முகம் அச்சடித்த பெரிய துணியை நான்கு பையன்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வர்ணனையாளர், இந்த விளையாட்டு ஆசியாவில் கால் பதித்துவிட்டது என்றார். கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த கவினேஷைக் கேமரா ஒருமுறை காட்டியது. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்பம்மா இறங்குவான்?" என்றார் தனேஸ்வரி.

"இப்ப இறக்குவினம் அன்ரி."

இடைவேளைக்குப் பிறகும் அதே கேள்வி. அவளிடமும் அதே பதில். ஹாரியர்ஸ் எட்ட முடியாத தூரத்துக்கு முன்னால் போய்விட்டது. இனி யாரை இறக்கினாலும் வெற்றி போகாது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் திரை வழியாகவும் கேட்டது. நிஷானி அப்போது உண்மையாகவே வேண்டினாள். யாருக்காவது தசை பிடிக்கட்டும், யாராவது நொண்டட்டும் என்று மாதாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, என்ன கேட்கிறோம் என்று தன் மேலேயே அருவருப்புப்பட்டாள்.

விசில் ஊதியது. ஆட்டம் முடிந்தது. கவினேஷின் காற்சட்டையில் ஒரு புல் கறைகூட இல்லை.

மண்டபத்தில் இருந்தவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு, மீகோரெங் நூடுல்ஸ் வைத்திருந்த மேசைக்குப் போனார்கள். தனேஸ்வரி எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிஷானியின் கன்னத்தைத் தொட்டார். "நீ என்னாம்மா செய்வே. எவ்ளோ கஷ்டப்பட்டு ஏற்பாடு செஞ்சே. சாப்பிடு வா."

அவர் நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு நிஷானி கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அடுத்த வருடம் இரண்டு ஆட்டங்கள் என்றார் ஸ்டூவர்ட். ஜகார்த்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம், அங்கே நமக்குக் கவினேஷ் மாதிரி யாராவது இருக்கிறார்களா என்று நிஷானியைப் பார்த்துக் கேட்டார். அவள் கேக்கைத் தொடாமல் வைத்துவிட்டு, அன்று வேலை முடிந்ததும் பிளாக்டவுனுக்குப் போனாள்.

கவினேஷ் கோலாலம்பூரிலிருந்து திரும்பியிருந்தான். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனேஸ்வரி டீ கொண்டுவந்து வைத்தார். நிஷானி அதைக் கையில் எடுக்காமலே சொன்னாள்.

"அன்ரி, எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். இவரை இறக்க மாட்டினம் எண்டு. யோகா அன்ரி கேட்கேக்க நான் சொல்லேல்ல."

தனேஸ்வரி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் கவினேஷ் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கும் தெரியும்மா," என்றான். "கோச் போன திங்கட்கிழமையே சொல்லிட்டாரு. சாரி. பெரியம்மா அவ்ளோ பேரைக் கூட்டிட்டு வர்றாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்க போனா மனசு மாறுவாருன்னு நெனச்சேன்."

"எனக்கு நீ போன் போட்டே," என்றார் தனேஸ்வரி மெதுவாக. "வெள்ளிக்கிழமை. சேலை கட்டிக்கிட்டுப் போங்கன்னு சொன்னே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தனேஸ்வரி யோகாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நிஷானியின் முன்னால் நீட்டினார். "என்கிட்ட சொன்னதை அக்காகிட்டயும் சொல்லு."

நிஷானி சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"நான் திரும்பி வர்றப்ப பஸ்ல வச்சே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா," என்றார் யோகா. "பிள்ளைக்கு வெளிய ஓடுறப்பவே கால் சுளுக்கிருச்சுன்னு. பசங்க முகத்தைப் பார்க்க முடியல, வாயில வந்துருச்சு. இப்ப மாத்திச் சொன்னா, இத்தனை பேரை வெயில்ல உக்கார வச்ச நானும் பொய்க்காரின்னு ஆயிரும். நீங்களும் அதையே சொல்லிக்கிட்டு இருங்க. நிஷானி, கொஞ்ச நாளைக்குக் கவினேஷ் ஓடுற படம் எதையும் போடாதே."

சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார்.

ஜகார்த்தா வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று மறுநாள் ஸ்டூவர்ட்டிடம் நிஷானி சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ களைத்துப்போயிருக்கிறாய் என்றார். இரண்டாம் அணியின் ஆட்டங்களைப் படமெடுத்துப் போடுகிற வேலைக்கு அவளை மாற்றினார்.

அடுத்த சனிக்கிழமை காலை இரண்டாம் அணிக்கு ஆட்டம். வேலியோரத்தில் நாயோடு வந்த சிலர், ஆட்டக்காரர்களின் பெற்றோர், தனேஸ்வரி. கவினேஷ் மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டிப் பந்தோடு கிளம்பி, மூன்று பேரைத் தாண்டி, மூலையில் பாய்ந்து விழுந்து புள்ளி எடுத்தான். அவன் அப்படி ஓடி நிஷானி பார்த்ததில்லை. கையில் கேமரா இருந்தது. ஒரு படம் எடுத்துப் போட்டால் கிளாங் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வேலியைப் பிடித்தபடி தனேஸ்வரி திரும்பிப் பார்த்தார், மகனை அல்ல, நிஷானியின் கைகளை.

நிஷானி கேமராவின் மூடியைப் போட்டாள்.