தோளில் விட்டுப்போன கை

டெஸ்க் மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது. மேலே இருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். கீழே நின்ற ரோதியோன் வேறு யாரும் பிடிக்காததால் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தான். முன்பு மனைவி ஸ்லாத்தாவின் சவப்பெட்டியைத் தூக்க அவனை விடவில்லை. சுற்றிலும் பற்றவைத்து மூடிய துத்தநாகப் பெட்டி அது. சீருடை போட்ட ஆறு பேர் கூடவே வந்து, அவர்களே இறக்கி, அவர்களே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த டெஸ்க்கைத் தூக்கத்தான் ஆள் பற்றவில்லை.

ஐந்தாம் வகுப்பில், ஜன்னலோரம் முதல் வரிசையில் அதை வைத்தார்கள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை தலைமை ஆசிரியை ரிம்மா பாவ்லொவ்னா தன் கையாலேயே பிரித்தார். இரண்டு பேர் உட்காரும் சாதாரணப் பள்ளி டெஸ்க்தான். மேற்பலகை முழுவதும் படம் ஒட்டி லேமினேட் செய்திருந்தார்கள். இடது பக்கம் ஸ்லாத்தா, வலது பக்கம் அவளது வாழ்க்கை வரலாறு, அடியில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு ராணுவ வீர ரிப்பன். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை இதில் உட்காரும் பெருமை கிடைக்கும். போரில் இறந்தவர்களுக்காக வீரர்களின் டெஸ்க் என்று நாடெங்கும் வைக்கிறார்கள். சோல்வா நகரத்தில் இது நான்காவது. பெண்ணுக்கு வைப்பது இதுதான் முதல் தடவை என்று ரிம்மா பாவ்லொவ்னா இரண்டு முறை சொன்னார்.

படம் ரோதியோன் கொடுத்ததுதான். ஆற்றங்கரையில் எடுத்தது. அதில் அவளுக்குப் பச்சைச் சட்டை, வாயில் பாதி கடித்த வெள்ளரிக்காய். இப்போது வெள்ளரிக்காய் இல்லை. சட்டைக்குப் பதில் ராணுவ உடை. பக்கத்தில் நின்ற ரோதியோனும் இல்லை. ஆனால் அவள் தோளில் அவன் போட்டிருந்த கை மட்டும், மணிக்கட்டுவரை, அப்படியே இருந்தது. கட்டைவிரலில் பிளைவுட் தகடு கிழித்த தழும்புகூடத் தெரிந்தது.

“நல்லா வந்திருக்கில்ல?” என்றார் ரிம்மா பாவ்லொவ்னா.

“இந்தக் கை?”

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். “அட, விட்டுட்டாங்களா. பரவால்லப்பா, யாரும் கவனிக்க மாட்டாங்க. தாய்நாட்டோட கைன்னு நெனச்சுக்குவாங்க.”

வாழ்க்கை வரலாற்றில் ‘விடாமுயற்சியும் ஒழுக்கமும் மிக்க மாணவி’ என்று இருந்தது. இதே ரிம்மா பாவ்லொவ்னா கணக்குப் பாடத்தில் ஸ்லாத்தாவை வாரம் தவறாமல் வெளியே நிறுத்துவார். ஸ்லாத்தா வகுப்பில் சிரிப்பாள். காரணம் கேட்டால் இன்னும் சிரிப்பாள். ஒன்பதாவதோடு விட்டுவிட்டு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். போன வருஷம் போர்முனை மருத்துவமனைக்கு இரண்டு நர்சுகளை அனுப்பச் சொல்லி மாவட்ட மருத்துவமனைக்கு உத்தரவு வந்தது. பிள்ளை இல்லாதவள் என்று இவள் பெயரை எழுதினார்கள். மூன்று மாதம்தான் என்றார்கள். இரண்டாவது மாதம் மருத்துவமனைமேல் ஏவுகணை விழுந்தது.

டெஸ்க்குக்குப் பணம் போட்டது அர்காதி லுகிச் கொலோமின். நகரத்தின் பிளைவுட் தொழிற்சாலை, அதன் குடியிருப்பு, பாதிக் கடைகள் எல்லாம் அவருடையவை. இந்த வசந்தத்தில் ஐரோப்பா அவர்மேல் பொருளாதாரத் தடை போட்டது. இத்தாலியில் ஏரிக்கரையில் இருந்த அவருடைய வீட்டை முத்திரை வைத்துப் பூட்டினார்கள். பூட்டிய வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் குளத்துத் தண்ணீர் மாற்றவும் இத்தாலி அரசாங்கமே ஆள் போட்டிருக்கிறதாம். உள்ளே போகக் கூடாது என்பதுதான் தண்டனை. அவர் மனைவியும் மகனும் துபாயில் இருந்தார்கள். அதற்கு முந்தியும் அங்கேதான் இருந்தார்கள். “பாவம், இனிமே ஒரே ஒரு கடல்லதான் குளிக்கணும்” என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள்.

கொலோமின் சும்மா இருக்கவில்லை. தன் பெயர் வந்த ஐரோப்பிய அரசிதழ்ப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தொழிற்சாலை வாசலில் மாட்டினார். கேன்டீனில் ‘பிரெஞ்சுக் கறி’க்கு ‘சோல்வாக் கறி’ என்று பெயர் வைத்தார். அதே பன்றி இறைச்சி, அதே மயோனைஸ். ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பசை இப்போது துருக்கி சுற்றி, வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது. உலர்த்தும் பிரிவில் எஞ்சினியராக இருந்த ரோதியோன் பீப்பாயைத் திறந்ததும் பழைய வாசனையே அடித்தது.

அந்தத் தொழிற்சாலையில் சுமை ஏற்றும் வேலையில் இருந்தான் யெகோர். ஸ்லாத்தாவின் தம்பி, வயது இருபத்திரண்டு. தாய் போனபின் அவனை ஸ்லாத்தாதான் வளர்த்தாள். போர்முனைக்கு ரயில் ஏறும்போது அவள் ரோதியோனிடம் சொன்னது ஒன்றுதான்: “அவன எங்கயும் போக விட்டுடாத.” தொழிற்சாலை ஆட்களுக்குப் போரிலிருந்து விலக்கு உண்டு. இந்த மாதம் சுமை ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டார்கள். யெகோரின் விலக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டு ரோதியோன் கொலோமினின் உதவியாளன் வாதிமிடம் போய் நின்றான். விழாவில் நாலு வார்த்தை நன்றி சொன்னால் பையன் விஷயத்தை முதலாளி காதில் போடுகிறேன் என்றான் வாதிம்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் யெகோர் சமையலறையில் முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோகைச் சட்டியிலிருந்தே தின்றுகொண்டிருந்தான்.

“மச்சான், ஒண்ணு புரியல. அவரு வீட்ட இத்தாலிக்காரன் பூட்டினா நான் எதுக்கு உக்ரைனுக்குப் போகணும்?”

“சாவி அங்க இருக்குதாம்.”

யெகோர் சிரித்தான். அக்காவின் சிரிப்பு. ரோதியோன் எழுந்து கெட்டிலில் தண்ணீர் ஊற்றினான்.

“நாளைக்கு நீ ஒண்ணும் பேசாத மாப்ள. தலைவாரிக்கிட்டு வந்து நில்லு. பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன்.”

விழா வெள்ளிக்கிழமை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளூர் டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். பள்ளி வாசலில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் சாம்பல்நிற வேன் நின்றது. அதன் அதிகாரி, ஒரு மேஜர், மேடையிலேயே இருந்தார். அவர் ஏன் வந்திருக்கிறார் என்று ரோதியோன் யோசித்தான். கொஞ்சம் முந்தியே யோசித்திருக்கலாம்.

கொலோமின் மைக்கைப் பிடித்தார்.

“ஐரோப்பா என் வீட்டப் பூட்டுச்சு. நான் அழுதேனா? அழல. ஸ்லாத்தா உயிரக் குடுத்தா. நான் வீட்டக் குடுத்தேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கிறவங்க.”

ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொலோமின் டெஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது சரியாக ஸ்லாத்தாவின் முகத்தை மூடியது.

“அவங்க பட்டியலுக்கு நம்ம பட்டியல்தான் பதில். நம்ம தொழிற்சாலை பேர்ல ஒரு படை இன்னைக்கே கிளம்புது. மொத ஆளு யாரு தெரியுமா? ஸ்லாத்தாவோட கூடப்பிறந்த தம்பி. குடும்பமே வந்து கேட்டுக்கிச்சு. இந்த மாதிரிக் குடும்பத்துக்கு முன்னாடி நான் தலை குனியிறேன்.”

அவர் நிஜமாகவே தலையைக் குனிந்தார். கைதட்டினார்கள். ரோதியோன் வாதிமைப் பார்த்தான். வாதிம் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் போட்டிருக்கிறான். ஸ்லாத்தாவின் புருஷன் வந்தான், அவள் தம்பியைப் பற்றிக் கேட்டான் என்று. என்ன கேட்டான் என்று சொல்வதற்குள் முதலாளியின் காது மூடிக்கொண்டிருக்கும். கொலோமினிடம் கபடம் இல்லை என்பது ரோதியோனுக்குப் புரிந்தது. கேட்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். யெகோர் சுவரோரம் நின்றான். நன்றாகத் தலைவாரியிருந்தான்.

மைக் ரோதியோனிடம் வந்தது. கையில் ரிம்மா பாவ்லொவ்னா எழுதிக் கொடுத்த நன்றியுரை. இல்லை என்று இப்போது சொன்னால் பையனை நேராக வேனில் ஏற்றுவார்கள். அதுவும் கைதட்டலோடு. இவர்களுக்கு நியாயம் சொல்லி ஒன்றும் ஆகாது. இவர்களுக்குப் பிடித்தது காட்சி. அதையே கொடுத்துவிடலாம்.

எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் படித்தான். பிறகு தாளை மடித்தான்.

“ஒரே ஒரு வேண்டுகோள் அர்காதி லுகிச். எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். கிளம்புறவன் செத்தவங்க கல்லறையில உத்தரவு கேட்டுட்டுதான் கிளம்புவான். ரெண்டு நாள் அங்க போய் உக்காருவான். திங்கட்கிழமை காலையில யெகோர் தானா வந்து நிப்பான். நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ரோதியோன் போய்க் கொலோமினைக் கட்டிக்கொண்டான். விலை உயர்ந்த சென்ட் வாசனையும் அடியில் வியர்வையும் அடித்தது. காமிரா பக்கத்தில் வந்தது. கொலோமினின் கண் கலங்கிவிட்டது.

“வேண்டாம்னு சொல்லுவேனா? என் சொந்தக் காரே கொண்டுபோகும். கேட்டீங்களா மேஜர்? திங்கட்கிழமை.”

மேஜர் யெகோரின் பெயர் எழுதிய தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார்.

கொலோமினின் கறுப்பு ஜெர்மன் கார் கல்லறைத் தோட்ட வாசலில் நின்றது. டிரைவர் வயதானவர். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துக்குப் பின்பக்கம் நெடுஞ்சாலை. கசகஸ்தானில் உரால்ஸ்க் நகரத்துக்குப் போகும் பஸ் அங்கே நிற்கும்.

ரோதியோன் தன் கையுறைகளையும் பர்ஸையும் யெகோரின் பைக்குள் திணித்தான். “பாஸ்போர்ட் இருக்கில்ல? போ. எல்லை தாண்டினதும் ஒரு வரி அனுப்பு. அதுக்கு முந்தி ஒண்ணும் அனுப்பாத.”

“திங்கட்கிழமை உன்னத்தான் பிடிப்பாங்க மச்சான். உன் விலக்கையும் எடுத்துருவாங்க.”

“எனக்கென்ன, ரெண்டு பேர் உக்கார்ற டெஸ்க்தான. பக்கத்துல எடம் இருக்கு.”

யெகோர் சிரிக்கவில்லை. பாதையில் கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து ஸ்லாத்தாவின் சிலுவைக்கு முன்னால் நின்றான்.

“வழக்கம்னு பொய் சொல்லிட்ட மச்சான். இருந்தாலும் உத்தரவு கேட்டுட்டே போறேன்” என்றான். உதடு அசைந்தது. குனிந்து, சிலுவையடியில் ஒட்டியிருந்த ஈரமான இலையைத் தட்டிவிட்டு, ஓடினான்.

ரோதியோன் தனியே திரும்பி வந்து காரில் ஏறினான்.

“பையன்?” என்றார் டிரைவர்.

“அக்காகூட இருக்கணுமாம். நடந்து வந்துருவான்.”

டிரைவர் கண்ணாடி வழியே சிலுவைகளைப் பார்த்தார். அவற்றுக்கு அப்பால் நெடுஞ்சாலையைப் பார்த்தார். “உங்க பக்கத்துக் கதவு சரியா சாத்தல” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை காலை ரிம்மா பாவ்லொவ்னா போன் செய்தார். டெஸ்க்கை அசிங்கப்படுத்திவிட்டார்களாம், குடும்பத்தார் வந்து பார்க்க வேண்டுமாம். அவன் போனபோது பிள்ளைகளைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். அறையில் ரிம்மா பாவ்லொவ்னா மட்டும் நின்றார்.

“நேத்து இங்க உக்காந்த பிள்ளைதான். முதல் மாணவி. யாரை நம்புறது சொல்லு. நீ ஒரு புகார் எழுதிக் குடுத்தா பெத்தவங்களக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.”

ரோதியோன் குனிந்து பார்த்தான். ஸ்லாத்தாவின் தோளில் கிடந்த அவனுடைய கையில், மணிக்கட்டு வெட்டுப்பட்ட இடத்தில், யாரோ நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தார்கள். வட்டம், பட்டை, பட்டையில் துளைகள்கூட. முள் பன்னிரண்டரையைக் காட்டியது.

“பன்னிரண்டரைக்கு என்ன?” என்றான்.

“சனிக்கிழமை ஸ்கூல் விடற நேரம்” என்றார் ரிம்மா பாவ்லொவ்னா. ஸ்பிரிட் பாட்டிலையும் துணியையும் மேசைமேல் வைத்தார். “நீயே துடைச்சா நல்லா இருக்கும். ஆமா, யெகோர் எங்க? மேஜர் கேட்டாரு.”

“அக்காகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு இருக்கான்.”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ரோதியோன் டெஸ்க்கில் உட்கார்ந்தான். முட்டி இடித்தது. பக்கவாட்டில் கால்களை நீட்டிக்கொண்டான். எல்லைக்கு பஸ் வந்துசேரும் நேரம் இது. போனைப் படத்திலிருந்த ராணுவ உடைமேல் வைத்தான். திரை இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இந்த வருஷத்து முதல் பனி, தரையைத் தொட்டதும் சேறாகிக்கொண்டிருந்தது. துணியை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு அதைக் கோட்டுப் பைக்குள் திணித்தான்.

பள்ளி விடும் மணி அடித்தது. தாழ்வாரம் முழுக்கச் செருப்புச் சத்தம், கத்தல், யாரோ யாரையோ தள்ளிவிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள். போன் இன்னும் இருட்டாகவே இருந்தது. தழும்பு விழுந்த கட்டைவிரலைப் படத்திலிருந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.