இடப்பக்கம் தாழ்ந்த விமானம்

அந்த மார்கழியில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கழனிகளில் புகையான் பூச்சி விழுந்தது. பச்சையாக நின்ற பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. மருந்து தெளிக்க ஒரு சின்ன விமானம் வந்தது. ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தைச் சமன்படுத்தியிருந்தார்கள். அங்கே விமானம் நாள் முழுக்க இறங்குவதும் மருந்தை நிரப்பிக்கொண்டு ஏறுவதுமாக இருந்தது.

விமானத்தைப் பராமரிக்கும் இன்ஜினியர் முத்துவேல் அந்தப் பக்கத்துக்காரன். அவன் அக்கா கோவிந்தம்மாள், கணவன் இறந்த பிறகு தானே பயிர் வைத்து வந்தாள். அவள் கழனிக்கு மருந்து விழவேண்டிய முறை நெருங்கியது.

அதற்கு முந்தின நாள் மதியம், இறங்கி நின்ற விமானம் இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருப்பதை முத்துவேல் கவனித்தான். சக்கரக் கால்களில் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் கயிறு சுற்றியிருக்கும். மெல்லிய ரப்பர் இழைகளைக் கட்டாக்கி மேலே நூலுறை போட்டது. இடது கயிற்றின் உறை நைந்து பிசிர் விட்டிருந்தது. உள்ளே இழைகள் எப்படி இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. மாற்றுக் கயிறு கையில் இல்லை. மெட்ராஸில்தான் கிடைக்கும்.

பைலட் பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார். கயிற்றுக்குச் சித்திரை வரை ஆயுள் இருப்பதாகப் பராமரிப்புப் புத்தகம் சொல்கிறதே, இந்த வட்டாரத்தை முடித்துவிட்டு மாற்றலாம் என்றார். அந்தக் கணக்கு நல்ல ஓடுபாதைக்குப் போட்டது, இந்தக் கரட்டு மேட்டில் ஒரு வாரம் ஓடுவது அங்கே சில மாதம் ஓடுவதற்குச் சமம் என்றான் முத்துவேல். மாற்றினால் இரண்டு காலிலும் சேர்த்தே மாற்ற வேண்டும், அதுவரை விமானம் ஏறாது என்றும் சொன்னான். பாண்டுரங்கனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் அவர் ஏறுகிறவர் அல்ல.

செய்தி பரவி விவசாயிகள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மாள் வந்தாள்.

"இன்னாடா முத்துவேலு, இன்னும் ஒரு நா ஏறி எறங்குனா என் கயினிக்கும் மருந்து வுழுந்துடும். அதுக்குள்ளயா அறுந்துடப் போவுது?"

"அறாமயும் இருக்கலாம்க்கா. உள்ள எப்பிடி கீதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம அந்த மனுசன ஏத்தி அனுப்ப மாட்டேன்."

"எம் பயிரு பூடுமேடா."

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பையை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போக பஸ்ஸுக்கு நடந்தான். செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை அவள் குரல் காதிலேயே இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் போகலாமா என்று அவன் நினைக்கவில்லை.

கோவிந்தம்மாளும் சும்மா நிற்கவில்லை. பூச்சி பெருகாமலிருக்க வரப்பை வெட்டிக் கழனித் தண்ணீரை வடித்தாள். கூலி வேலை செய்யும் மேரியும் அவள் வீட்டாரும் கைத்தெளிப்பானோடு வந்தார்கள். பயிரை விலக்கி விலக்கி அடித்தூரில் மருந்து படும்படி அடித்தார்கள். வடக்கு மூலை அதற்குள் கருகிவிட்டது. மீதியில் பாதியைக்கூட அவர்களால் முடிக்க இயலவில்லை.

மறுநாள் மாலை முத்துவேல் புதுக் கயிறுகளோடு வந்து சேர்ந்தான். இருட்டுவதற்குள் அவனும் பாண்டுரங்கனுமாக இழுத்துப் பூட்டினார்கள். கழற்றிய இடது கயிற்றின் உறையை முத்துவேல் கீறிப் பார்த்தான். இழைகளில் கொஞ்சம் அறுந்திருந்தது, கொஞ்சம் நன்றாகவே இருந்தது. இது இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும் என்று பாண்டுரங்கன் கேட்டார். சொல்லத் தெரியாது என்றான். இனிமேல் தினமும் முதல் ஏற்றத்துக்கு முன் இரண்டு இறக்கைகளின் உயரத்தையும் அளந்துவிடுவது, ஒரு பக்கம் தாழ்ந்தால் புத்தகம் என்ன சொன்னாலும் மாற்றிவிடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

காலையில் விமானம் முதலில் கோவிந்தம்மாள் கழனி மேல்தான் பறந்தது. முத்துவேல் வரப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றான். அவன் கருகிய மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நிறுத்துனது தப்புன்னு நான் சொல்லல. அடுத்த வருசம் வர்றப்ப அந்தக் கயித்த முன்னாடியே எடுத்துக்கினு வா."

சரிக்கா என்றான். அன்றைக்கே இன்னொரு ஜோடி கேட்டு ஆபீசுக்குத் தந்தி கொடுத்தான்.