வாடைமாதத்து ஓராக்குஞ்சுகள்

இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றிலிருந்து கட்டுரை திரும்பி வந்த அன்று பத்மாசினி யாரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை. தெல்லிப்பழைப் பள்ளிக்கூடமொன்றில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் வல்வெட்டித்துறை வீட்டுக்கு வந்து, வீட்டுக்கு முன்னால் கிடந்த கடலில் இறங்கி நாலு வருஷம் பாடுபட்டு எழுதியது அது. அலையை மறிக்கும் பாறைத்திட்டான கற்பாருக்கு உட்பக்கம், சாதாழை புல்லாய் வளர்ந்திருக்கும் ஆழமில்லாத கடலுக்கு ஓராமீன் குஞ்சுகள் எப்போது வருகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டுமே வருகின்றன, வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக்காலத்தில் புல்வெளி வெறுமையாகக் கிடக்கிறது என்று முடித்திருந்தாள்.

சஞ்சிகைக்காகக் கட்டுரையை வாசித்த, பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தார். வாடைக்காலத்தில் ஒரு தடவைகூட வலை போடாதவருக்கு, அது வெறுமை என்று எப்படித் தெரியும்?

வந்த ஆத்திரத்தில் அதே கட்டுரையைக் கொழும்பிலுள்ள ஓர் அறிவியல் சங்கத்தின் சஞ்சிகைக்கு அனுப்பினாள். அதன் ஆசிரியர் அவளுக்குப் படிப்பித்த பேராசிரியர். உடனேயே ஏற்றுக்கொண்டார். மாசி மாதம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகம் இருந்தது. அதற்கு முன் அச்சில் வந்துவிடும் என்றும் எழுதியிருந்தார்.

ஆனாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கார்த்திகை பிறந்து, வள்ளங்களெல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்த ஒரு காலையில் அண்ணன் ஆழ்வாப்பிள்ளையிடம் போய் நின்றாள்.

"அண்ணை, நான் கடலுக்குள்ளை இறங்கவேணும்."

"உனக்கென்ன விசரே? இந்தக் கடலிலை ஆர் வள்ளம் இறக்கிறது?"

"வள்ளம் வேண்டாம். காத்துக் கொஞ்சம் விழுற நேரம் நடந்து போவன். நீங்கள் கயிறு பிடிச்சால் காணும்."

"அங்கை என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையெண்டு அந்த ஆளுக்குக் காட்டவேணும்."

தங்கை ஒன்றை நினைத்துவிட்டால் மறிக்க முடியாது என்பது ஆழ்வாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை எடுத்தார்.

சேலையைக் கால்களுக்கிடையே இழுத்துக் கொடுக்குக் கட்டி, அண்ணனின் பழைய சேர்ட்டை மேலே போட்டு, இடுப்பில் கயிற்றோடு ரீச்சர் கடலில் இறங்குவதைப் பார்க்க ஊரே கரைக்கு வந்தது. தண்ணீர் கலங்கிச் சேறாய்க் கிடந்தது. இரண்டு தடவை அலை அவளைப் புரட்டிப் போட்டது. முழங்கால் கல்லில் கிழிந்தது. அண்ணன் கயிற்றை இழுத்து இழுத்து, "போதும், வா பிள்ளை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாந்தரம் இறங்கி, கைவலையால் சாதாழை ஓரமாக அரித்துக்கொண்டு வந்தாள்.

வலையைக் கரையில் கவிழ்த்தபோது, புல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே கண்ணாடித் துண்டுகள்போல ஏதோ துடித்தன. வீட்டில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தாள். முதுகுமுள்ளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். சந்தேகமேயில்லை, ஓராக்குஞ்சுகள். சோளகத்தில் அவள் பிடித்தவற்றைவிட எவ்வளவோ சின்னவை. குஞ்சுகள் வந்து சேருவது இந்த மழையிலும் கலங்கலிலுந்தான். சோளகத்தில் அவள் கண்டதெல்லாம் வளர்ந்து வெளியே தெரியத் தொடங்கியவை.

மார்கழி முழுவதும், காற்று விட்ட நாட்களிலெல்லாம் இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் குஞ்சுகள் அகப்பட்டன. பிறகு கொழும்புக்கு றெயில் ஏறினாள்.

பேராசிரியர் முன்னால் அவளுடைய கட்டுரை அச்சுக் கோத்த தாள்களாகக் கிடந்தது.

"சேர், இதை நிப்பாட்டவேணும்."

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் இது இப்பிடியே வரட்டும். வாடை மாதத்து விஷயத்தை அடுத்த வருஷம் தனியாப் போடுவம். உமக்கு ரெண்டு கட்டுரையாச்சு."

"முதலாவது பிழை, சேர்."

"பிழையில்லை. முழுமையில்லை, அவ்வளவுதான்."

"வெறுமை எண்டு எழுதியிருக்கிறன். குஞ்சுகளை என்ரை கையாலை அள்ளிப்போட்டு வந்து நிக்கிறன். அது பிழைதான்."

"நேர்முகத்துக்கு வெறுங்கையோடை போவீரோ?"

"ஓம் சேர். போறன்."

போனாள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. திரும்பி வரும்போது, வவுனியா கழியும்வரை றெயில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்படியொரு பதவி பின்னர் அவளுக்குக் கிடைத்தது, ஆனால் யாழ்ப்பாணத்திலேயே வளாகம் திறக்கும்வரை ஏழு வருஷம் பொறுக்கவேண்டியிருந்தது.

அடுத்த வாடையிலும் இறங்கினாள். ஒரு வருஷத்துக் கதை போதாது என்று அவளுக்கே இப்போது பட்டது. கட்டுரையை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதி, திருப்பி அனுப்பிய அதே இங்கிலாந்துச் சஞ்சிகைக்கு அனுப்பினாள். இந்தத் தடவை கேள்வி எதுவும் வரவில்லை. பெயர் தெரியாத அந்த மதிப்பீட்டாளருக்குக் கட்டுரையின் முடிவில் நன்றி எழுதியிருந்தாள்.

1969 ஆவணியில் அச்சுப் பிரதிகள் வந்தன. அண்ணனும் மச்சாளும் ஆளுக்கொன்றைக் கையில் வைத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாசினி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் முகம் மாறியது.

"என்ன பிள்ளை?"

"மீனின்ரை இலத்தீன் பெயரிலை ஓரெழுத்து மாறிப்போச்சு, அண்ணை."

"ஓரெழுத்துத்தானே! ஆர் பாக்கப்போகினம்?"

அவள் சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்ப் பேனையை எடுத்தாள். பிழைதிருத்தம் போடும்படி கேட்டு அன்றைய தபாலிலேயே சஞ்சிகைக்குக் கடிதம் போயிற்று.