டிக்‌ஷனரி சாரின் கையெழுத்து

"நான்தான் பார்த்து எழுதினேன்னு நீயே சொல்லிடு. ஒரு வார்த்தை, அதோட முடிஞ்சுபோச்சு," என்றாள் மாமியார், சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு.

மருமகள் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் பின்னால் மருமகளின் கணவர் நின்றிருந்தார். கையில் தேர்வுக் கழகத்திலிருந்து வந்த கடிதம். காலையிலிருந்து அதை நான்கு தடவை படித்துவிட்டார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் முதல் இரண்டு தடவை புரியவில்லை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் உயர்நிலை ஆங்கிலம் கற்பிப்பவர்.

கடிதத்தில் இருந்த செய்தி இதுதான்: உயர்நிலை ஆங்கிலத் தேர்வில் அடுத்தடுத்த எண்களில் எழுதிய கணவன் மனைவி இருவருடைய கட்டுரைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன. வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். அதுவரை இருவர் சான்றிதழும் நிறுத்திவைக்கப்படுகிறது.

"அத்தை, நான் பார்த்து எழுதலையே," என்றாள் மருமகள்.

"எழுதலைன்னு எனக்குத் தெரியாதா? அதை ஏன் ஊருக்குச் சொல்லணும்கிறேன். உனக்கு அந்தக் காகிதம் எதுக்கு, சுவத்துல மாட்டிக்கவா? அவனுக்கு அது இல்லேன்னா நாளைக்கே வாசல்ல இருக்கிற போர்டைக் கழட்டணும்."

"பொண்டாட்டி புருஷனைப் பார்த்து எழுதினா தப்பில்ல," என்று கணவர் சமாதானமாகச் சொன்னார். "யாரும் உன்னைக் கேவலமா நினைக்க மாட்டாங்க. புருஷன் பொண்டாட்டியைப் பார்த்து எழுதினான்னா சிரிப்பாங்க. அதுதான் விஷயம்."

நியாயமான பேச்சு. உலகம் இப்படித்தான் நினைக்கும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அவள் பாலை இறக்கி வைத்தாள்.

அந்த வீட்டின் முன் அறையில் மூன்று பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, ஒரு சுழல் நாற்காலி. வெளிநாடு போக வேண்டிய நர்ஸுகள், பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாக்கள், நேர்முகத் தேர்வில் நாலு தடவை தோற்றுப்போன இன்ஜினியர்கள் என்று மாலை ஐந்து மணிக்கு அறை நிரம்பிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவரை அவர்கள் டிக்‌ஷனரி சார் என்று அழைத்தார்கள். பட்டம் சும்மா வரவில்லை. மேஜைமேல் ஒரு பெரிய டிக்‌ஷனரி எப்போதும் இருந்தது, அதன் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது.

ஆனால் மாணவர்கள் அவரிடம் வந்தது டிக்‌ஷனரிக்காக அல்ல. அவர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டுரை மறுநாள் திரும்பி வரும்போது சிவப்பு மையில் நிறைந்திருக்கும். எங்கே வாக்கியம் தடுக்கி விழுந்தது, அதை எப்படி எழுப்பி நிறுத்துவது, இந்தச் சொல் ஏன் இங்கே கூச்சப்படுகிறது என்றெல்லாம் ஓரத்தில் குறிப்புகள் இருக்கும். அடியில் சாரின் கையெழுத்து. அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் போன வருடம் ஏழு பேர் தேறினார்கள். சார் அந்த ஏழு பேரோடும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

குறிப்புகள் எழுதப்பட்ட இடம் சமையலறை. எட்டு வருடமாக அவள்தான் எழுதினாள். கல்லூரியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தவள் என்பதைக் கல்யாணப் பேச்சில் மாமியார் பெருமையாகக் கேட்டுக்கொண்டாள், கல்யாணத்துக்குப் பிறகு மறந்துபோனாள். முதல் மாதத்தில் அவள் திருத்திய நோட்டைப் பார்த்து, "ரெண்டு கையெழுத்து இருந்தா புள்ளைங்க கேட்காதா? அவன் எழுத்து மாதிரியே எழுதப் பழகு," என்றாள். அவளும் பழகினாள். இடப்பக்கம் சாய்ந்த, வால் நீண்ட அந்த எழுத்து ஆறே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. சார் மட்டும் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துப் போட்டாரா என்று கேட்டால், நம்பிக்கை உள்ள இடத்தில் எதற்குப் படிக்க வேண்டும்?

இத்தனை வருடத்தில் விஷயம் தெரிந்த வெளி ஆள் ஒருத்திதான். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த ஒரு நர்ஸ், அடுப்பு மேடையில் தன் நோட்டு விரிந்து கிடப்பதையும் சிவப்புப் பேனா அக்காவின் கையில் இருப்பதையும் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மெல்லக் காதில் போட்டாள்.

"எங்க ஆஸ்பத்திரியில நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர ஆள் தேடறாங்கக்கா. உயர்நிலை சர்டிபிகேட் மட்டும் இருந்தா போதும். நீங்க எழுதுங்க."

எழுதட்டுமா என்று வீட்டில் கேட்டபோது வழக்கமான பதில்தான் வந்தது. குடும்பப் பெண்ணுக்குப் பரீட்சை எதற்கு, சமையலை யார் பார்ப்பது, நாலு பேர் என்ன சொல்வார்கள். நாலு பேருக்கு வேறு வேலை இல்லை என்பதை அந்த வீடு உறுதியாக நம்பியது.

பிறகு தேர்வுக் கழகம் ஒரு புது விதி போட்டது. உயர்நிலை ஆங்கிலம் கற்பிப்பவர்கள் தாங்களும் அந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். சாருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குடும்பப் பெண் பரீட்சை எழுதலாம் என்று ஆகிவிட்டது. ஒன்றாக விண்ணப்பித்தால் அடுத்தடுத்த எண் வரும், அவள் முன்னால், அவர் பின்னால். நாலு பேரைக் காணவே காணோம்.

"தாளை வலது பக்கம் தள்ளி வெச்சுக்கோ. கையை மறைக்காதே," என்று பரீட்சைக்குக் கிளம்பும்போது சார் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கட்டுரைக் கேள்வி: 'உங்கள் வேலையில் வெளியே தெரியாத பகுதியை விவரியுங்கள்.' அவள் ஐந்து நிமிடம் சும்மா இருந்தாள். காட்டினால் தன் சான்றிதழும் போகக்கூடும் என்று தெரியும். காட்டாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது என்றும் தெரியும். பிறகு எழுதத் தொடங்கினாள், தாளை வலது பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு. கை தானாகவே அந்தச் சாய்ந்த எழுத்துக்குப் போய்விட்டது. எட்டு வருடம் அடுத்தவர் நோட்டுகளுக்குத் தானம் செய்த நல்ல சொற்களையெல்லாம் அன்று தனக்காக எடுத்துக்கொண்டாள். வரிக்கு மூன்று சொல் சாருக்குத் தெரியாதவை. இரண்டாவது வரியிலேயே புரிந்துகொள்ளும் முயற்சியைக் கைவிட்டு, அவர் எழுத்தை மட்டும் பார்த்து வரைந்துகொண்டு போனார். கடைசி வரியை மட்டும் அவள் சின்னக் குழந்தைக்கும் புரிகிற எளிய சொற்களில் எழுதினாள். அதற்குள் முடியப்போகும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது, சாருக்குப் படிக்க நேரமில்லை.

வேண்டுமென்றே செய்தாளா? கேள்வி அப்படி இருந்தது. அவளுக்கு வேறு பதில் இல்லை.

வியாழக்கிழமை தேர்வுக் கழக அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துகூட ஒரே மாதிரி இருக்கு. ரெண்டு பேப்பரும் ஒரே ஆளுதுன்னுதான் முதல்ல நானே நினைச்சேன். இதுல யார் யாரைப் பார்த்து எழுதினது?"

சார் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "மேடம், இது என் சொந்தக் கட்டுரை. இவ என் மாணவி மாதிரி. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், என் எழுத்தைப் பார்த்தே எழுதப் பழகினவ. பொம்பளைங்களுக்குப் பரீட்சைன்னா ஒரு பயம். பின்னால திரும்பிப் பார்த்துட்டா. மன்னிச்சு விட்டுடுங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"வீட்ல அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க, மேடம்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. சார் அவள் முழங்கையை லேசாக இடித்தார். அவள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசை," என்றாள். "அவர் எழுதினதை அவர் வாயாலேயே படிச்சுக் கேட்கணும். வகுப்புல ரொம்ப நல்லாப் படிப்பார்."

சார் தாளை வாங்கினார். முதல் வரியின் மூன்றாவது சொல்லில் தொண்டையைக் கனைத்தார். நான்காவது சொல்லில் கண்ணாடியைத் துடைத்தார். அதிகாரி இரக்கப்பட்டவராக, "முழுசும் வேண்டாம் சார், கடைசி வரியை மட்டும் படிங்க," என்றார்.

எளிய வரியைக் கண்டதும் சாருக்கு உயிர் வந்தது. வகுப்பறைக் குரலை எடுத்து, ஏற்ற இறக்கத்தோடு, கணீரென்று படித்து முடித்தார். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு எட்டியது. 'என் கணவர் முன் அறையில் உட்கார்ந்து அடியில் கையெழுத்துப் போடுகிறார். மேலே இருப்பதெல்லாம் சமையலறையில் நான் எழுதியது' என்பது அந்த வரி.



"உங்க வீட்டுக்காரர் வெளியே உக்காந்திருக்காரா, சார்?" என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். "இருந்தா அவரையும் உள்ளே கூப்பிடுங்க. விசாரிச்சிடலாம்."

குமாஸ்தா கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருமினார். சார் தாளை மேஜைமேல் வைத்தார். அவரிடம் அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நீங்க காட்டினீங்களாம்மா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

"காட்டச் சொன்னாங்க. காட்டினேன்."

"காட்டலைன்னு சொல்லியிருந்தா உங்களுதை விட்டிருப்பேன். இப்போ விதிப்படி ரெண்டையும் ரத்து செய்யணும். எனக்கே மனசு கேட்கல."

"பொய் சொல்லி வாங்கினா அதுவும் இவர் பேப்பர் மாதிரிதான் இருக்கும், மேடம்."

அதிகாரி ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார், பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு புது விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினார். "அடுத்த தேர்வு மூணு மாசத்துல வருது. தனியா வந்து எழுதுங்க."

சார் முதலில் வெளியே போய்விட்டார். அவள் நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். ஆஸ்பத்திரி இடம் மூன்று மாதம் காத்திருக்குமா என்று தெரியாது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பயமாக இல்லை. அந்த வழியே வந்த குமாஸ்தாவிடம், "இதுல வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. உங்க கையெழுத்து இருந்தா போதும்."

பேனா இடப்பக்கம் சாய்ந்தது. அவள் நிறுத்தினாள். அந்தச் சாய்வும் நீண்ட வாலும் இல்லாமல் தன் எழுத்து எப்படி இருந்தது என்பது உடனே நினைவுக்கு வரவில்லை. ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் நாலைந்து தடவை எழுதிப் பார்த்தாள். கோணல்மாணலாக, கல்லூரிப் பெண்ணின் உருண்டை எழுத்து மெதுவாக வந்தது.

சார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் என்ன பண்றே? இருபத்திரண்டு நோட்டு குவிஞ்சு கிடக்கு. அஞ்சு மணிக்குப் புள்ளைங்க வந்துடுவாங்க."

"சிவப்புப் பேனா அடுப்பு மேடையில இருக்கு," என்றாள் அவள், தலை நிமிராமல். "நீங்க போய் ஆரம்பிங்க. எனக்கு இங்கே கையெழுத்துப் போடற வேலை இருக்கு."