பாலத்தில் யாரும் இல்லை

அறிக்கையில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. இரும்பு நடைபாலம், கீழே தண்டவாளங்கள், மேலே வெளுத்த வானம். பாலத்தின் மேல் ஈ காக்கை இல்லை. அடியில் ஒரு வரி: 'காலை நெரிசல் நேரத்தில் பாலத்தின் பயன்பாடு.'

அக்கா அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யார் எடுத்தது?"

தம்பி குனிந்து பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான். "நான் எடுத்ததுதான்."

"அன்னைக்கு நான் அந்தப் பாலத்துல நடந்து போனேனா இல்லையா?"

"போனே."

"மொட்டை மாடியில நீ நிக்கிறதைப் பார்த்துக் கையை ஆட்டினேனா இல்லையா?"

"ஆட்டினே."

"அப்போ இதுல நான் எங்கடா?"

"நல்லாப் பாரு, தூணுக்குப் பின்னாடி இருப்பே" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில், மீதியைச் சொல்லாமல் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீடுகள் எல்லாம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், லேத் பட்டறைகள் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் இந்த நடைபாலம். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது லாரி போகும் சுரங்கப் பாதைதான். அங்கே நடைபாதை கிடையாது; சுவரோடு ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். போன மழைக்காலத்தில் அக்காவோடு வேலை செய்த ஒருத்தி, பாலத்தில் பலகை மாற்றுகிறார்கள் என்று அந்த வழியாகப் போய், லாரி உரசி, இடுப்பு எலும்பு முறிந்து இன்னும் வீட்டில் கிடக்கிறாள். பலகை மாற்றிய பாலத்தைத்தான் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லி, நகர மேம்பாட்டு அலுவலகம் இடித்து, சரக்குக் கிடங்குக்கு வழி விடப்போகிறது. அதைப் பற்றிய பொது விசாரணைக்குத்தான் அறிக்கையை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

தம்பி கட்டடங்களைப் படமெடுக்கிறவன். நகர மேம்பாட்டு அலுவலகத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து அவனைக் கூப்பிட்டு, புதிய வரவேற்பு அறையில் மாட்ட நகரத்துப் படங்கள் வேண்டும் என்றார்கள். மணிக்கூண்டு, நூலகம், நடைபாலம். "ஆளுங்க இல்லாம, சுத்தமா இருக்கணும்" என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தார். பாலத்துக்கு நல்ல வெளிச்சம் விழுவதோ காலையில், ஷிப்ட் மாறும் நேரத்தில். அந்த நேரத்தில் பாலத்தில் ஆள் இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் ஊரையே காலி செய்ய வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. அவன் அதை அக்காவுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே விளக்கினான். பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். அதன் ஒயர் கேமராவில் சொருகும். டைமர் ரிமோட் என்று பெயர். விரலால் கேமராவைத் தொட்டால் அசையும் என்பதால், தொடாமலே அதைத் திறந்து மூட இந்தப் பெட்டி. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், எவ்வளவு இடைவெளி விட்டு அடுத்த படம், மொத்தம் எத்தனை என்று இதில் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கலாம். லென்ஸின் முன்னால் வெல்டிங் கண்ணாடி மாதிரி கறுத்த ஃபில்டரைப் போட்டு, கேமராவைச் சில நிமிடங்கள் திறந்தே வைத்தால், அசையாதது மட்டும்தான் பதியும். நடந்து போகிறவர்கள் ஓரிடத்திலும் தங்குவதில்லை. அதனால் ஓரிடத்திலும் பதிவதில்லை.

"அதாவது நான் நடந்துக்கிட்டே இருந்தேன், அதனால நான் இல்ல."

"படத்துல இல்ல அக்கா."

"அறிக்கையிலயும் இல்ல. நாளைக்குப் பாலமும் இல்ல."

தம்பி கையைக் கழுவிவிட்டு விளம்பரப் பிரிவு அதிகாரிக்குப் போன் செய்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"படம் அருமையா இருக்குன்னு திட்டப் பிரிவுல கேட்டாங்க, கொடுத்தோம்" என்றார் அதிகாரி. "கீழே உங்க பேருகூடப் போட்டிருக்காங்களே, பார்க்கலையா?"

"சார், ஆளுங்க தெரியக் கூடாதுன்னு சொன்னது நீங்க. தெரியாத மாதிரி எடுத்தேன். அன்னைக்குப் பாலம் நிறைய ஆள் சார்."

"ஆளில்லாம கேட்டோம். ஆளில்லாம எடுத்தீங்க. ஆளில்லன்னு போட்டிருக்காங்க. இதுல பொய் எங்க இருக்கு தம்பி?"

"அது சுவர்ல மாட்டுற படம் சார்."

"இதையும் சுவர்லதானே ஒட்டியிருக்காங்க" என்று சிரித்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று அவர் வைத்துவிட்டார்.

கூப்பிட்டு, சொல்லி, வாங்கி, திட்டப் பிரிவுக்குக் கொடுத்த மனிதர் ஒரு இடத்திலும் பிடி கொடுக்காமல் பேசியதில் தம்பிக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாள் காலை அவன் ஒரு யோசனையோடு அக்கா வேலை செய்யும் இடத்துக்கே வந்தான். ஷிப்ட் நேரத்தில் பாலத்தில் போகிற எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் அசையாமல் நின்றால் போதும். அதே மாடி, அதே கேமரா, அதே ஃபில்டர். அத்தனை பேரும் பதிவார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

சலவைப் பிரிவில் அக்காவோடு நான்கைந்து பேர் ஈரத் துணிகளை உதறிக்கொண்டிருந்தார்கள். யோசனை ஒருத்திக்குப் பிடித்திருந்தது. "நல்ல சேலை கட்டிக்கிட்டு வரணுமா?" என்று கேட்டாள். அக்கா கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டாள்.

"நான் நிக்க மாட்டேன்."

"கொஞ்ச நேரம்தான் அக்கா."

"எவ்வளவு நேரமா இருந்தா என்ன? இத்தனை வருஷமா அந்தப் பாலத்துல நான் ஒரு தடவைகூட நின்னது கிடையாது. நிக்க நேரம் இருக்கிறவ எதுக்குடா அந்தப் பாலத்துல போறா? வேலைக்குப் போறவங்க நடக்கத்தான் செய்வாங்க. சிலை மாதிரி நின்னாத்தான் நாங்க ஆளு, நடந்தா காத்துன்னா, அது என்ன கணக்கு? அவங்க பொய்க்கு ஏத்த மாதிரி நாங்க போஸ் குடுக்கணுமா?"

"அப்போ என்னதான் செய்யச் சொல்றே?"

"அந்தப் பெட்டியில வேற ஒண்ணும் செய்ய முடியாதா?"

முடியும். தம்பிக்கு அது முன்பே தோன்றாதது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு படம், சின்ன இடைவெளி, மறுபடி ஒரு படம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பெட்டியை ஓட விடலாம். அதைக் கோத்து ஓட்டினால் ஒரு நாள் முழுக்கப் பாலத்தில் போனவர்கள் சில நிமிடங்களில் போவார்கள். அடுத்த வேலை நாளே செய்தான். காற்றில் ஆடாமல் இருக்க கேமரா நிற்கும் முக்காலியின் நடுக்கொக்கியில் செங்கல் போட்ட பையைத் தொங்கவிட்டு, வெயிலுக்குக் கேமராவின் தலையில் ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மதியம் அக்காவின் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். கேமராவைப் பார்த்து, "காய்ச்சலா இவருக்கு?" என்றார்.

படம் நன்றாக வந்திருந்தது. பைகளும் சைக்கிள்களும் பள்ளிச் சீருடைகளும் துடித்துத் துடித்துப் பாலத்தைக் கடந்தன. பார்த்தவர்கள் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கை தட்டினார்கள்.

விசாரணை வார்டு அலுவலகத்தின் கூடத்தில் நடந்தது. சலவைப் பிரிவிலிருந்து பாதிப் பேர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் கிரீஸ் கையோடு பின்னால் நின்றார்கள். மேடையில் விசாரணை அதிகாரி, களைத்த முகமுள்ள ஒரு அம்மாள். பக்கத்தில் திட்டப் பொறியாளர். கூடத்தின் நடுவில் ஒரு மேசை மேல் புரொஜெக்டர். அறிக்கையின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்த பொறியாளர், காலிப் பாலம் வந்ததும் நிறுத்தினார்.

"ஷிப்ட் மாறும் நேரத்துல எடுத்த படம்" என்றார். "நேரம் படத்துலயே பதிவாகியிருக்கு."

தம்பி எழுந்தான். "அந்தப் படத்தை எடுத்தது நான்தாங்க. அதுல ஆளுங்க தெரியாம இருக்கிறதுக்காகவே எடுத்தது. அன்னைக்குப் போனவங்க இங்கேயே இருக்காங்க. வேற படம் கொண்டுவந்திருக்கேன், போட்டுக் காட்டலாமா?"

அம்மாள் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தாள்களைப் புரட்டினார். "ஆவணம் தாக்கல் செய்யக் கடைசித் தேதி முடிஞ்சுபோச்சு மேடம். அறிக்கையில உள்ளதைப் பத்தி மட்டும்தான் பேச முடியும்."

"அறிக்கையை ஒட்டினதே அந்தத் தேதிக்கு அப்புறம்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு பட்டறைக்காரர் கேட்டார்.

"விதி அப்படி இருக்குதுப்பா" என்றார் அம்மாள், அதில் தனக்கும் மகிழ்ச்சியில்லை என்பது போல. "அறிக்கையில இருக்கிற படத்தைப் பத்தி ஏதாவது சொல்றதுன்னா சொல்லுங்க."

தம்பி, கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லத் தொடங்கினான். பொறியாளர் குறுக்கிட்டார். "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்த நிதானத்தைப் பார்த்தபோதுதான் அக்கா எழுந்தாள்.

"படத்தைப் பத்திப் பேசலாம்னு சொன்னீங்களேம்மா."

"சொல்லுங்க."

அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து திரைக்குப் போனாள். புரொஜெக்டரின் ஒளி அவள் முதுகில் விழுந்தது. பாலத்தின் மேல் அவளுடைய நிழல் விழுந்தது. கையை நீட்டி ஒரு இடத்தைத் தொட்டாள்.

"நான் இங்க இருந்தேன். சாப்பாட்டுப் பை வலது கையில. அன்னைக்கு லேட்டு."

அவள் நகரவில்லை. அடுத்து, நல்ல சேலை கட்டட்டுமா என்று கேட்டவள் எழுந்து போனாள். "நான் இவளுக்கு ரெண்டு அடி பின்னாடி. திட்டிக்கிட்டே வந்தேன்." இரண்டாவது நிழல் விழுந்தது. பட்டறைக்காரர் ஒருவர் போனார். "படிக்கட்டுல சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஏறினேன். இந்த மூலை." ஒரு தகப்பன், ஒரு கையில் மகளையும் மறு கையில் அவளுடைய புத்தகப்பையையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "இவளை ஸ்கூல்ல விட்டுட்டு நான் எதிர்ப்பக்கமா வந்தேன்." அதற்குமேல் யார் பேசினார்கள் என்று தெரியவில்லை. கம்பி ஓரம், நடுவில், படிக்கட்டில் என்று இடம் சொல்லிக்கொண்டே வந்து நின்றார்கள். இடம் போதாமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அது நான் நடந்த இடம்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சண்டைக்கே போனார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. திரையில் இரும்புக் கம்பிகள் தலைகளுக்கு மேல் மட்டும் தெரிந்தன.

"எல்லாரும் உட்காருங்க, படம் மறைக்குது" என்றார் பொறியாளர்.

"எங்களை மறைச்ச படம் சார் அது" என்றாள் அக்கா, திரும்பாமலே. "கொஞ்ச நேரம் நாங்க அதை மறைச்சா ஒண்ணும் கெட்டுப் போகாது."

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பாலத்துல நின்னு ஆளை எண்ணினீங்களா?" என்று பொறியாளரிடம் கேட்டார்.

"படம் இருந்ததால தேவைப்படலை மேடம்."

"நீங்க அந்தப் பாலத்துல ஏறியிருக்கீங்களா?"

பொறியாளர் தாள்களைச் சரிசெய்தார். அம்மாள் மேலும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த எழுத்தரிடம் மெதுவாகச் சொல்லி எழுத வைத்தார்: அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும், மேம்பாட்டு அலுவலகத்தைச் சேராத ஆட்களை வைத்துப் பாலத்தில் நேரில் கணக்கெடுக்க வேண்டும், அது முடிந்து மறு விசாரணை நடக்கும்வரை பாலத்தில் கை வைக்கக் கூடாது.

வெளியே வாசல்படியில் ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். அக்கா மட்டும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் அக்கா" என்றான் தம்பி.

"எதை ஜெயிச்சோம்? தினமும் நடக்கிறவங்க, நாங்க நடக்கிறோம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கோம். அதுவும் மறு விசாரணை வரைக்கும்." செருப்பின் வார் பிடிபடாமல் ஒரு காலை உதறினாள். "அந்த இன்ஜினியருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குடா. தெரியாம செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும்."

"அந்தப் படத்துக்குக் கீழே என் பேரு இருக்கு. அதை நான் என்ன செய்யறது?"

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அது அவன் மேல் இல்லை என்று அவளே சொல்ல மாட்டாள்.

"இனிமே யாராவது ஆளில்லாம படம் வேணும்னு கேட்டா, எதுக்குன்னு கேளு."

"கேட்டா வேலையே குடுக்க மாட்டாங்க அக்கா."

"குடுக்க மாட்டாங்கதான்" என்றாள். "ஆனா கேளு."

அரை நாள் லீவு முடியப்போகிறது என்று சலவைப் பிரிவுக்காரி ஒருத்தி தெருவிலிருந்து கூப்பிட்டாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.